கல்லறை இல்லாத வீட்டுக்குக் கல்லறைத் திருநாள்: ஒரு நிகழ்வு ஆய்வு

கடலுக்குப் போன கணவர் திரும்பாத ஒரு வீட்டோடு எங்கள் பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தின்) சிறு குழு ஒன்று ஓராண்டுக்கு மேல் உடனிருந்தது. அந்த அனுபவத்தின் பதிவு இது. ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார், சம்மதமும் தந்தார். குழுவில் இருந்தவர்கள் ஓர் அருட்சகோதரி, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அன்பியம் எனப்படும் பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவுக்குப் பொறுப்பாளரான நான். பங்குத்தந்தைக்கு எல்லாம் தெரியும்.

பின்புலம்

ஊர் பாம்பன் தீவின் தென்கரையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்து இருக்கிறது. இந்தப் பக்கத்தைத் தென்கடல் என்பார்கள், பாக் நீரிணைப் பக்கம் வடகடல். கார்த்திகையில் வாடை எழும்பினால் வடகடல் கலங்கிவிடும். தென்கடல் ஓரளவு அடங்கிக் கிடப்பதால் சின்ன வள்ளங்கள் அந்த மாதங்களில் இங்கேதான் வலை போடும்.

கணவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. அண்ணனோடு கூட்டாக ஒரு ஃபைபர் வள்ளமும் நண்டு வலையும் வைத்திருந்தார். பத்தாம் வகுப்பில் ஒரு மகன், நான்காம் வகுப்பில் ஒரு மகள். கணவரின் தாயும் அதே வீட்டில்.

மனைவி பாசிக்குப் போகிறவர். தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் வளரும் கடற்பாசியை முங்கி எடுக்கும் வேலை அது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில் பெண்கள் சேர்ந்து வள்ளம் பிடித்துப் போவார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டி, மூச்சை அடக்கி இறங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசிக்கு நல்ல விலை உண்டு, அகர் என்ற கூழ்ப்பொருள் காய்ச்சுவதற்கு வாங்கிப்போவார்கள். 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா அறிவித்ததிலிருந்து வனத்துறையோடு இழுபறி ஓய்ந்தபாடில்லை. ஆனாலும் இந்தக் கரையில் பல வீடுகளில் அடுப்பு எரிவது பாசிக் காசில்தான்.

பக்தியான குடும்பம். அன்பியக் கூட்டம் பல தடவை அவர் வீட்டு முற்றத்தில்தான் நடந்திருக்கிறது.

நடந்தது

புயல் எச்சரிக்கை எதுவும் இல்லாத ஒரு நாள் மாலையில் அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என மூன்று பேர் போனார்கள். நள்ளிரவுக்கு மேல் திடீரென்று காற்று திரும்பி வள்ளம் கவிழ்ந்தது. மூவரும் டீசல் கேன்களைப் பிடித்து மிதந்திருக்கிறார்கள். விடிந்தபின் ஒரு படகு இரண்டு பேரைத் தூக்கியது. தம்பியைக் காணவில்லை. "பேசிக்கிட்டேதான் வந்தான். அப்புறம் சத்தம் இல்ல" என்பதற்கு மேல் அண்ணனால் இன்றுவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஊர்ப் படகுகள் தேடின. மண்டபத்திலிருந்து கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் வந்து தேடியது. சில நாட்களில் தேடல் நின்றது. உடல் கிடைக்கவில்லை. மெரைன் போலீஸில் 'காணவில்லை' என்று வழக்குப் பதிவானது.

உடல் இல்லாவிட்டால் இறப்புச் சான்றும் இல்லை. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் வராவிட்டால்தான் அவர் இறந்ததாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதுவரை அந்தச் சான்றைக் கேட்கும் எந்தக் காகிதமும் நகராது. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று உறவில் ஆளுக்கொரு பேச்சு. மாமியாரோ மகன் இலங்கைக் கரையில் ஒதுங்கியிருப்பான், சிறையில் இருப்பான் என்று உறுதியாக இருந்தார். இந்தக் கரையில் அப்படி நம்புவதற்கு இடமில்லாமல் இல்லை. வருஷா வருஷம் இங்கிருந்து போகும் மீனவர்கள் அங்கே பிடிபடுகிறார்களே.

முதல் மாதங்களில் கவனித்தது

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். "எல்லாம் அவர் சித்தம்." "தாங்குறவங்களுக்குத்தான் குடுப்பாரு." "அந்தோனியார் காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுப்பாரு, செவ்வாய்க்கிழமை தவறாமப் போ." அவர் போகவும் செய்தார். தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் செவ்வாய்தோறும் மெழுகுவர்த்தியோடு போனார். மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டார்.

நிறுத்தியதற்குக் காரணம் களைப்பு என்றுதான் ஊரில் நினைத்தார்கள். அது அல்ல. உயிரோடு வந்த பக்கத்து வீட்டுக்காரரின் குடும்பம் ஒரு நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்தது. அவர்கள் செய்ததில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் கோயிலில் ஒலிபெருக்கியில் "கடலின் ஆபத்திலிருந்து இறைவன் காப்பாற்றியதற்காக" என்று திருப்பலியின் கருத்து, அதாவது அது எதற்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்பது, வாசிக்கப்பட்டபோது இவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று இரவு ஆசிரியையிடம் சொன்னது இது: "டீச்சர், ரெண்டு பேரக் காப்பாத்துனவருக்கு மூணாவது ஆளு தெரியலயா? அவரு அங்க இருந்தாருன்னா இவர விட்டுட்டாரு. இல்லன்னா அங்க இல்ல. ரெண்டுல எது?"

இந்தக் கேள்விக்கு எங்கள் யாரிடமும் பதில் இருக்கவில்லை. இந்த ஆய்வில் நான் அதிகம் யோசித்தது இந்த இடத்தைத்தான். அவர் கடவுள் இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறவர், வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்கிறார். நம்பிக்கை இழந்தவரின் பேச்சு இப்படி இருக்காது. மனத்தாங்கல் வந்த உறவுக்காரரிடம் பேசுவதுபோல் கடவுளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

வேறு அறிகுறிகளும் இருந்தன. தூக்கம் இல்லை. ராத்திரியில் எஞ்சின் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போய் நிற்பார். உடம்பு பாதியாகிவிட்டது. பாசிக்குப் போவதை நிறுத்தினார். ஒருநாள் நாத்தனாரிடம், "நானும் முங்கிட்டு எந்திரிக்காம இருந்துட்டா தேவல மதினி" என்றிருக்கிறார். நாத்தனார் அன்றே வந்து எங்களிடம் சொன்னார். அவர் சொல்லியிருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

எடுத்த முடிவுகள், அதற்கான காரணங்கள்

முதலில் மருத்துவம். சகோதரி நேராகவே கேட்டார்: "சாகணும்னு தோணுதாம்மா?" "தோணுது சிஸ்டர்" என்று பதில் வந்தது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி ஆவதில்லை, கேட்டால்தான் வாய் திறக்கிறார்கள். மறுநாளே ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நாத்தனாரும் நானும் அழைத்துப்போனோம். மாத்திரை எழுதினார்கள், தொடர்ந்து வரச் சொன்னார்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமானால் அழைக்கலாம் என்று அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் இலவச எண் 14416ஐ அலமாரிக் கதவில் எழுதி ஒட்டினோம்.

மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று உறவில் ஒருவர் சொன்னபோது ஆசிரியை விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, மனநோய் தீரும் என்று நேர்ந்துகொண்டு தர்காவுக்கு ஆட்களைக் கொண்டுவந்து விடும் ஏர்வாடி நினைவிருக்கும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள். நேர்ச்சை மட்டும் போதும் என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இரண்டாவது, விளக்கம் சொல்வதில்லை என்று எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்பதற்கு மூவரில் யாரும் காரணம் சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலைகளில் போவது, போகிறவர் மாறக் கூடாது, ஒன்றும் பேசாவிட்டாலும் ஒரு மணி நேரம் இருப்பது. கூட்டமாக வந்து ஜெபித்துவிட்டுக் கலைகிறவர்களை அவர் ஏற்கெனவே நிறையப் பார்த்திருந்தார்.

மூன்றாவது, பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடச் சொன்னோம். மீட்ட வள்ளத்தையும் எஞ்சினையும் விற்றுவிட்டு, பிள்ளைகளோடு திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்வதாக அவர் யோசித்துக்கொண்டிருந்தார். மனம் வறண்டு, கடவுள் விலகிவிட்டதாகத் தோன்றும் காலத்தில் முன்பு எடுத்த தீர்மானங்களை மாற்றாதே என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் தரும் விதி. சகோதரிக்கு அது பாடம். அவர் விதியைச் சொல்லவில்லை. "தடைக்காலம் முடியட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாட்களை வைத்துத்தான் இங்கே எல்லாக் கணக்கும். அந்தப் பேச்சு அவருக்கு எடுபட்டது.

நான்காவது, மாமியாரின் நம்பிக்கையைச் சரிபார்ப்பது. மீன்வளத்துறை அலுவலகம் வழியாக இலங்கையில் பிடிபட்டவர்கள் பட்டியலைக் கேட்டுப் பார்த்தோம். பெயர் இல்லை. இதைச் சொன்னால் பாட்டி உடைந்துபோவார் என்று தயக்கம் இருந்தது. ஆனால் மருமகள் இரவெல்லாம் வாசலில் நிற்பதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். சொன்னோம். பாட்டி நம்பவில்லை. அந்த ஆண்டு கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் படகேறிப் போய், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களிடமெல்லாம் மகன் போட்டோவைக் காட்டிவிட்டு வந்தார். மருமகள் மட்டும் அதற்குப் பிறகு எஞ்சின் சத்தத்துக்கு எழுவது குறைந்தது.

ஜெபம்

முதலில் நாங்கள் எடுத்துப்போனது மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரம். புயலில் சீடர்கள் தவிக்கிறார்கள், இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார். நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று எழுப்புகிறார்கள். அவர் எழுந்து கடலை அடக்குகிறார். மீனவ ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி இல்லை என்பது எல்லாருடைய நினைப்பும். வருஷா வருஷம் கடற்கரைத் திருப்பலியில் வாசிப்பது இதைத்தான். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்த வள்ளம் கரை சேந்துச்சுல்ல" என்றார். அதோடு அதை மூடி வைத்தோம். கடல் அடங்கிய கதையை, கடல் அடங்காத வீட்டில் வாசிப்பது நன்றித் திருப்பலியை மறுபடி நடத்துவதற்குச் சமம்.

அடுத்து திருப்பாடல் (சங்கீதம்) 22 என்றார் ஆசிரியை. சிலுவையில் இயேசு சொன்ன "ஏன் என்னைக் கைவிட்டீர்" அதில்தான் தொடங்குகிறது. சகோதரி வேண்டாம் என்றார். 22 பாதிக்கு மேல் புகழ்ச்சியாகத் திரும்பிவிடும், இவர் இன்னும் அந்தப் பாதிக்கு வரவில்லை, திரும்பாத பாடல் ஒன்று இருக்கிறது என்றார். அது 88. புலம்பல் பாடல்கள் பலவும் முடிவில் ஏதோ ஓர் ஆறுதலுக்கு வந்து சேரும். 88 வராது, இருளில் முடிந்துவிடும். உம் அலைகளெல்லாம் என்னை அமிழ்த்துகின்றன என்று கடவுளிடமே முறையிடும் வரியும் அதில் உண்டு.

பங்கில் மறைக்கல்வி சொல்லித்தரும் வயதான உபதேசியார் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. ஏற்கெனவே கோயிலுக்கு வராத பெண்ணிடம் இருட்டை வாசித்தால் இன்னும் தூரம் போய்விடுவாள் என்றார். நியாயமான பயம். சகோதரி அவரிடம் அன்னை தெரசாவைச் சொன்னார். அன்னை 1997இல் இறந்து, பத்தாண்டு கழித்து 2007இல் வெளியான கடிதங்களில், பல பத்தாண்டுகள் கடவுளின் பிரசன்னத்தை உணர முடியாமலே சேவை செய்ததை எழுதியிருக்கிறார். உணராதது வேறு, இல்லாதது வேறு என்பது சகோதரியின் வாதம். உபதேசியார் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, தடுக்கவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து நண்டு வலையில் சிக்கியிருந்த ஓடுகளை உடைத்து எடுத்துக்கொண்டிருந்தார். கணவரின் வலைதான், கணவரின் அண்ணனுக்குக் கொடுப்பதற்காகச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சகோதரி 88ஐ முன்னுரை எதுவும் இல்லாமல் வாசித்தார். கை நிற்கவில்லை. முடிந்ததும் கேட்டார்:

"இது பைபிள்லயா இருக்கு?"

"ஆமாம்மா."

"பூசைல இத வாசிச்சு நான் கேட்டதில்லயே."

"நாங்க மடத்துல வெள்ளிக்கிழமை ராத்திரி படுக்கப்போறதுக்கு முன்னாடி சொல்ற ஜெபம் இதுதான்."

"எல்லா வெள்ளிக்கிழமையுமா?"

"எல்லா வெள்ளிக்கிழமையும். ஒலகம் முழுக்க, சாமியாருங்க, கன்னியருங்க எல்லாரும்."

கொஞ்ச நேரம் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இன்னிக்கும் சொல்வீங்களா? எத்தன மணிக்கு?" என்று கேட்டார். ஒன்பது மணி என்றார் சகோதரி. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதுக்கு மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார். எங்களில் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிறகொரு நாள் அவரே கவனித்துச் சொன்னது: "இவ்வளவு திட்டுறவரு காலைல எந்திரிச்சு மறுபடியும் அவர்கிட்டத்தான் வர்றாரு சிஸ்டர்." காலையில் என் மன்றாட்டு உம்மிடம் வருகிறது என்று அந்தப் பாடலில் ஒரு வரி இருக்கிறது. நாங்கள் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

அடுத்து நடந்தது

தடைக்காலத்துக்குப் பிறகு திருப்பூர்ப் பேச்சு தானாக நின்றது. வள்ளத்தை அண்ணன் ஓட்டுகிறார், பங்குத் தொகை வீட்டுக்கு வருகிறது. அண்ணனால் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை, காசை மகளிடம் கொடுத்தனுப்புகிறார்.

ஆடி அமாவாசையை ஒட்டி அவர் மறுபடி பாசிக்குப் போனார். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் போகச் சொன்னோம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பாசிப் பெண்கள் குழுவின் தலைவி ஓர் ஏற்பாடு செய்தார். எங்களுக்கு அது தோன்றியிருக்காது. முங்கும்போது இரண்டு பக்கமும் ஒரு பெண் இருப்பாள், மூன்று பேரும் சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே மேலே வருவார்கள். முதல் நாள் ஒரு கைப்பாசிகூட எடுக்காமல் தண்ணீருக்குள் கத்தினாராம். பக்கத்தில் இருந்த இருவரும் அதைக் கண்டுகொள்ளாமல் வேலையைப் பார்த்தார்கள். அதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள், எங்கள் எல்லாரையும் திணறடித்தது. ஊர் முழுக்கக் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். இவர்களுக்கு ஏற்ற இடமில்லை. கோயிலில் அந்த ஆண்டு இறந்தவர்கள் பெயரை வாசிப்பது வழக்கம். பட்டியல் எழுதியவர் நல்லெண்ணத்தில் இவர் கணவரின் பெயரையும் சேர்த்திருந்தார். பாட்டிக்குத் தகவல் போய், "எம்மவனச் சாகடிச்சுட்டீங்களா" என்று பங்குச்சாமி வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

பெயரை எடுத்துவிட்டால் மனைவிக்கு யாரும் நினைக்கவில்லை என்றாகும். விட்டால் பாட்டிக்கு அநியாயம். பங்குத்தந்தை மருமகளையே கேட்டார். "செத்தவங்க லிஸ்ட்டுல வேணாம் சாமி. ஆனா பேரு சொல்லணும்" என்றார் அவர். கடைசியில், விசுவாசிகள் மன்றாட்டில் கடலில் இருப்பவர்களுக்காக ஒரு மன்றாட்டு சேர்ந்தது: கடலுக்குப் போனவர்கள், கடலிலிருந்து இன்னும் திரும்பாதவர்கள், அதோடு அவர் பெயர். அதைக் கேட்டு இன்னொரு வீட்டிலிருந்தும் பெயர் வந்தது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் போன தாத்தாவின் பெயர் அது. அவருக்கும் கல்லறை இல்லையாம், இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் வாசிக்கப்பட்டதில்லையாம்.

அன்று அவர் கோயிலுக்கு வந்தார், பின்வரிசையில் உட்கார்ந்தார். இப்போது மாதத்தில் ஓரிரு ஞாயிறு வருகிறார். கடவுள் கூட இருக்கிறார் என்று நம்புகிறீர்களா என்று நான் கேட்டதில்லை. இந்தக் குறிப்பை வாசித்துக் காட்டியபோது அவரே சொன்னார்: "இருக்காருன்னு தெரியும்க்கா. ஏன் பேச மாட்டேங்கிறாருன்னுதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். அப்படியே எழுதுங்க."

பலிக்காதவை

மகன் கோயில் பக்கமே வருவதில்லை. பெரியப்பாவோடும் பேசுவதில்லை. அவன் வயதுப் பையன்களோடு பழகும் ஆண் ஒருவர்கூட எங்கள் குழுவில் கிடையாது. அண்ணனுக்கு இருக்கும் குற்ற உணர்ச்சியை யாரும் தொடவே இல்லை. கேன் பிடித்து மிதந்த அந்த இரவைப் பற்றி அவரிடம் பேச மீனவர் சங்கத்தில் ஒரு மூத்தவர் இப்போது ஒத்துக்கொண்டிருக்கிறார். பாட்டி இன்னும் குறி கேட்கப் போகிறார். அதைத் தடுக்க வேண்டாம் என்று மருமகளே சொல்லிவிட்டார்.

பங்கில் மாற்றியவை

ஒரே விபத்தில் பிழைத்தவரும் திரும்பாதவரும் இருந்தால், நன்றித் திருப்பலிக்கு நாள் குறிக்கும் முன் திரும்பாதவர் வீட்டில் போய்ச் சொல்வது, கருத்தைப் பொதுவில் வாசிக்காமல் பீடத்தில் மட்டும் வைப்பது என்று பங்குப் பேரவையில் முடிவானது. இறந்தோர் பட்டியலில் பெயர் சேர்க்க வீட்டுக்காரரின் ஒப்புதல் வேண்டும். கடலிலிருந்து திரும்பாதவர்களுக்கான மன்றாட்டு இனி ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2இல் இருக்கும். பாசிப் பெண்கள் குழுத் தலைவியை எங்கள் குழுவில் சேர்த்திருக்கிறோம். உபதேசியார் ஆண்கள் பக்கத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார், 88 வாசிக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு.

தாலி இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. ஏழாம் ஆண்டு வரும்போது நீதிமன்றத்துக்குப் போவதா, அன்று கோயிலில் என்ன செய்வது என்ற பேச்சை உறவினர் இப்போதே எடுக்கிறார்கள். அவர் கேட்கும்வரை எங்கள் பக்கத்திலிருந்து எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை போவது தொடர்கிறது.